முப்பத்தோராவது முகம்

கிருபா இறந்த அன்று காலையில் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கல்முனைக் கடற்கரை. பின்னால் கரையேற்றிய தோணி. காற்றுக்குச் சால்வையைத் தலைக்கு மேலாக இழுத்து, நாடிக்குக் கீழே ஒரு கையால் பிடித்திருந்தாள். மற்றக் கையில் போன். நான் ஒலுவிலுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். படத்தைப் பார்த்தேன். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பதிலுக்கு ஒரு பெருவிரலை அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

அன்று கரைவலை இழுத்தவர்கள்தான் அவளைக் கண்டார்கள்.

திடீர் மரண விசாரணை அதிகாரி, நீரில் மூழ்கியதால் மரணம் என்று எழுதினார். கால் நனைக்க இறங்கியிருப்பாள், அலை இழுத்திருக்கும் என்று சனம் கதைத்தது. போதகரும் ஜெபத்தில் அப்படித்தான் சொன்னார். மற்றதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் மகள் எஸ்தருக்கு அப்போது ஐந்து மாதம்.

நான் அழவில்லை. அழுகை வரவில்லை. செத்தவீட்டு வீடியோவை லண்டனில் பார்த்த கிருபாவின் சித்தி போன் எடுத்து, யாரோ ஒருவரின் கலியாணத்துக்கு வந்தவர் மாதிரி அந்தப் பொடியன் ஏன் நிற்கிறான் என்று கேட்டாராம். மாமி அதை எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதிலும் ஒன்றும் கிடைத்திருக்காது.

மாமி என்றால் கிருபாவின் அம்மா, கலாராணி. எங்கள் பக்கத்தில் கலியாணம் செய்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். இந்த வீடு கிருபாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. பின்பக்க அறையில் மாமி இருந்தார். முன்பக்கத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். இப்போது நானும் எஸ்தரும் இருந்தோம். உண்மையைச் சொன்னால் எஸ்தரும் பெரும்பாலும் பின்பக்கம்தான்.

முப்பத்தோராம் நாள் ஜெபத்துக்கு அட்டை அடிக்க ஒரு படம் வேண்டியிருந்தது. மாமி என் போனை வாங்கித் தேடினார். திருநாள் படங்கள், ஞானஸ்நானப் படங்கள் எல்லாம் இருந்தன. அவற்றைத் தள்ளித் தள்ளிக் கடைசிப் படத்துக்கு வந்துவிட்டார். அதை நான் யாருக்கும் காட்டியிருக்கவில்லை. பார்த்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இத உங்களுக்குத்தானே அனுப்பினவள்?"

ஓம் என்றேன்.

"இந்த முகத்தப் பாத்திட்டா மகன் பஸ்ஸில போனீங்க?"

அதற்குப் பிறகு அவர் அதை விடவில்லை. சண்டை பிடித்தார் என்று சொல்ல முடியாது. சோறு போடும்போது சொல்வார். கொடியில் துணி போடும்போது, எனக்கென்று இல்லாமல், துணிக்குச் சொல்வதுபோல் சொல்வார். பார்த்த உடனே தெரிகிறதாம். கண் இருக்கிற எவருக்கும் தெரியுமாம். முகம் பார்க்கத் தெரியாத ஆளிடம் வாய் பேசாத பிள்ளையை எப்படி விடுவது என்று ஒருநாள் கேட்டார். நான் அக்கரைப்பற்றில் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். பிள்ளை இங்கே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாம். அவர் விருப்பம் அது.

எஸ்தர் மாமியின் முகத்தைக் கண்டால் கைகால்களை அடித்துச் சிரிப்பாள். என் முகத்தைக் கண்டால் காத்திருப்பாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருப்பாள். பிறகு மின்விசிறியைப் பார்ப்பாள். மாமி அதையும் கவனித்து வைத்திருந்தார்.

அவள் தவழத் தொடங்கிய மாதத்தில் ஒருநாள் நான் வாயைத் திறந்தேன். நடந்தது தெரிந்த பிறகு பார்த்தால் எந்த முகத்திலும் அது தெரியும் என்றேன். தெரியாத ஆள் பார்த்தால் சிரிப்புத்தான் தெரியும். நீங்கள் அட்டைக்குப் படம் தேடும்போது பார்த்தீர்கள், நான் அன்று காலை பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமி பிள்ளைக்கு மாக்கஞ்சி தீத்திக்கொண்டிருந்தார். "அப்ப தெரியாத ஆக்களிட்டக் கேளுங்க" என்றார்.

"கேக்கிறன்."

"கேட்டு, அதுகளும் தெரியுதெண்டு சொன்னா?"

"நான் அக்கா வீட்டுக்குப் போறன். பிள்ளை உங்களோட."

"தெரியல்லையெண்டா?"

"பிள்ளை என்னோட. அந்தக் கதையும் இனி வேணாம் மாமி."

அவர் கரண்டியைக் கோப்பையில் வைத்தார். ஓம் என்றார்.

கேட்பதற்கு எனக்கு வழி இருந்தது. என் வேலையே அதுதான். கம்பஸில் ஒரு ஆய்வுக்கு உதவியாளராக இருக்கிறேன். மனிதர்கள் ஒரு முகத்தில் உள்ள உணர்ச்சியை எவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது ஆய்வு. இந்தக் கரையோரத்துப் பெண்கள் முப்பது பேரின் முகங்கள் லெப்டொப்பில் இருந்தன. ஒவ்வொரு முகமும் அரை விநாடி திரையில் நிற்கும். பிறகு மறைந்துவிடும். பார்த்தவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். சந்தோசம், கவலை, கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம். ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றுமில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் பொத்தானை அழுத்துவேன். அரை விநாடி போதுமா என்று முதலில் எல்லோரும் கேட்பார்கள். போதும். அதிலும் பாதி போதும்.

படங்களை எடுத்தவள் ஸப்னா. சாய்ந்தமருதுக்காரி, முஸ்லிம், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், இதே ஆய்வில் வேலை. கிருபாவின் படத்தை நான் முப்பதுக்கும் பிறகு கடைசியாக வைத்தேன். கணக்கில் சேராது. யாருக்கும் தெரியவும் போவதில்லை என்று நினைத்தேன். ஸப்னா செத்தவீட்டுக்கு வந்து பெட்டிக்குள் பார்த்தவள் என்பதை நான் யோசிக்கவில்லை.

முதல் ஊர் வீரமுனை. வயல் வெட்டு முடிந்திருந்ததால் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். கோயிலுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் மேசை போட்டோம். முதலில் உட்கார்ந்தவர் கந்தப்போடி என்ற வயல்காரர். ஒரு முகம் வந்து போனது.

"இவ எங்கட கச்சேரிக் கிளாக்கரம்மா மாதிரிக் கிடக்கா" என்றார். "கோபம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த முகத்துக்கு, நம்மட பிள்ளை, கவலை என்றார். அதற்கடுத்ததற்கு, சோனகம், பயம். சோனகம் என்றால் முஸ்லிம். யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான். உணர்ச்சியைச் சொல்ல முன்னர் ஆள் யார் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பொட்டு, தலையில் ஒரு துணி, ஒரு மூக்குத்தி போதும். அதை எழுத வேண்டாம் என்று ஆய்வை நடத்தும் சேர் சொல்லியிருந்தார். நாங்கள் எழுதவில்லை.

கிருபா மெதடிஸ்த். பொட்டு வைப்பதில்லை.

முப்பது முடிந்தது. நான் அடுத்த பொத்தானை அழுத்தினேன். அவள் அரை விநாடி வந்து போனாள்.

"சோனகப் பிள்ளை" என்றார் கந்தப்போடி. "சிரிக்கா. சந்தோசம்."

"வீட்டுக்கு வெளிய விட்டாச் சந்தோசம்தானே" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். மறுபடியும் சிரித்தார்கள். ஸப்னா குனிந்து, சரியாக இருந்த வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினாள்.

அன்று மண்டபத்துக்கு வந்த எல்லோருக்கும் காட்டினேன். சந்தோசம். சந்தோசம். ஒரு பெண் ஒன்றுமில்லை என்றாள். ஒரு பொடியன் யோசித்து, சந்தோசம் போட்டுக்கொள்ளுங்கள் என்றான்.

சாமான்களை ஓட்டோவில் ஏற்றும்போது ஸப்னா கேட்டாள், அது கிருபாதானே என்று. ஓம் என்றேன். மாமிக்கும் எனக்கும் உள்ள பேச்சைச் சொன்னேன். இது பிழை என்றாள். உங்களுக்கு விடை வேண்டுமானால் என்னிடம் கேட்டிருக்கலாம் என்றாள். உனக்கும் நடந்தது தெரியுமே என்றேன். கல்முனை முடிந்ததோடு படத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சேருக்குச் சொல்வேன் என்றாள்.

அடுத்தது வினாயகபுரம். கடலுக்குப் போய் வந்த ஆட்கள். மூழ்கிய பெண்ணைப் பற்றி அங்கே யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று பயந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. சோனகத்தி, சந்தோசம். முஸ்லிம், சந்தோசம். சாரதாதேவி என்று ஒரு அம்மா மட்டும், "என்ன பாக்கிறாய் எண்டு கேக்காப் போல. கோபம்" என்றார். கவலை என்று ஒருவரும் சொல்லவில்லை. பயம் என்றும் இல்லை.

எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஆனால் பசித்தது. கல்முனையில் பஸ்ஸால் இறங்கிக் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு உறைப்புத் தெரிந்தது.

வீட்டில் மாமி, முடிஞ்சுதா என்று கேட்டார். இன்னும் கல்முனை இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார். அன்று துணிக்கும் சோற்றுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. எஸ்தரைக் கழுவித் துடைத்து என் மடியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அவள் என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். மின்விசிறி ஓடவில்லை. அப்படியும் அதைத்தான் பார்த்தாள்.

கல்முனையில் தையல் படிப்பிக்கும் ஒரு மண்டபத்தில் இடம் எடுத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாம் முஸ்லிம் பெண்கள். ஸப்னாவுக்குத் தெரிந்தவர்கள். அவள் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினாள். நான் லெப்டொப்புக்குப் பின்னால் இருந்து பொத்தானை அழுத்தினேன். ஆம்பிளை ஒருவர் இருப்பதை இரண்டு நிமிடத்தில் மறந்துவிட்டார்கள்.

பாத்தும்மா என்று ஒருவர் முதலில் உட்கார்ந்தார். வாயாடி. நாலு பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவராம். ஒரு முகம் வந்து போனது. "மாமியாக் கண்ட மருமகள்" என்றார். தையல் மெசின்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உம்மா, அப்படி ஒரு சொல் இதில் இல்லை, ஆறில் ஒன்று சொல்லுங்கள் என்றாள் ஸப்னா.

"அருவருப்புப் போடு மகள். அதுதானே."

தமிழ், கோபம். தமிழ், ஒண்டுமில்ல. எங்கட புள்ள, பயம். இப்படியே முப்பது வந்தது. நான் அழுத்தினேன்.

பாத்தும்மா வாயைத் திறந்தார். மூடினார். திரை வெறுமையாகிவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா மௌத்தாப் போயிட்டாரா இந்தப் புள்ளக்கி?"

ஸப்னா என்னைப் பார்க்கவில்லை. ஆறில் ஒன்று, உம்மா என்றாள்.

"கவல. ஆருட ஊட்டுப் புள்ளடி இது? ஊட்டுக்கு ஆள் அனுப்பிப் பாருங்க."

படம் மட்டும்தான் உம்மா என்றாள் ஸப்னா. பாத்தும்மா எழும்பிப் போனார். போகும்போதும் ஒருதரம் திரும்பித் திரையைப் பார்த்தார்.

அவர் சொன்னது மற்றவர்களுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். மெசின் சத்தத்தில் கேட்டிருக்காது என்றும் நினைத்தேன். அடுத்து சுல்பிகா என்ற பிள்ளை வந்தாள். அவள் வெளியே படிக்கட்டில் போன் பேசிக்கொண்டு நின்றுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தவள். முப்பதையும் வேகமாகச் சொன்னாள். முப்பத்தொன்றுக்கு இன்னும் வேகம். "அழப்போறா." பிறகு தானே திருத்தி, கவலை என்றாள். அவளுக்குப் பின் வந்தவள் பயம் என்றாள். அதற்குப் பின்னும் கவலை. ஒருத்தி சால்வையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஸப்னா எழும்பி வந்து லெப்டொப்பை மூடினாள். தேத்தண்ணி நேரம் என்று எல்லோருக்கும் சொன்னாள்.

வெளியே சுவரோரம் நின்றோம்.

"அவங்க எங்கட ஆள் எண்டு நினைச்சிட்டாங்க" என்றாள் ஸப்னா. "சால்வை தலையில கிடக்கே. அதுதான்."

"வீரமுனையிலயும் உங்கட ஆள் எண்டுதானே நினைச்சவங்க."

"ஓம். அதாலதான்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. தன் ஆளின் முகம் என்றால் மனிதர் ஒரு விதமாகப் பார்ப்பார்கள், மற்ற ஆளின் முகம் என்றால் இன்னொரு விதமாகப் பார்ப்பார்கள் என்று நாங்கள் கட்டுரைகளில் வாசித்திருந்தோம். பரீட்சையில் எழுதியும் இருந்தோம். பாத்தும்மா தன் பிள்ளை ஒன்றைப் பார்த்தார். கந்தப்போடி ரோட்டில் போன யாரோ ஒருத்தியைப் பார்த்தார். கிருபாவை உண்மையில் தங்கள் ஆளாக எண்ணியிருக்க வேண்டியவர்கள் சிரிக்கிறாள் என்றார்கள். அவளுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் ஆளனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள்.

நான் அவளோடு மூன்று வருடம் ஒரே பாயில் படுத்தவன். நானும் வீரமுனை பார்த்தது போலத்தான் பார்த்திருக்கிறேன்.

ஸப்னா தாழ்ந்த குரலில், படத்தில் சால்வையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் காட்டிப் பார்க்கலாம், அப்போது சரியாகத் தெரியும் என்றாள். அவளால் அப்படித்தான் ஆறுதல் சொல்ல முடியும். செய்திருக்கலாம். செய்யவில்லை. படத்தை லெப்டொப்பில் இருந்து அழித்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

வீட்டுக்குக் கடற்கரை ரோட்டால் நடந்தேன். மாமியிடம் என்ன சொல்வது என்பதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தெரிகிறது என்று சனம் சொன்னது. பாதிச் சனம் சொன்னது. தெரியாது என்பதற்குப் பாதி போதாது. பாயையும் உடுப்பையும் கட்ட வேண்டும். அக்காவுக்குப் போன் எடுக்க வேண்டும். எஸ்தரின் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று மாமிக்குச் சொல்ல வேண்டும். இப்படி வரிசையாக நினைத்துக்கொண்டு படலையைத் திறந்தேன்.

மாமி கிணற்றடியில் இருந்தார். எஸ்தர் இடுப்பில். படலைச் சத்தத்துக்குத் திரும்பினார்.

ஒரு முகம் திரையில் வந்து போகும் நேரம்தான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். கிருபா போன பிறகு ஒரு முகத்தில் எனக்கு ஏதாவது தெரிந்தது அதுதான் முதல்.

பயம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அன்று காலை கிருபாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர் மாமி. குசினியில் எதிரெதிரே இருந்து இரண்டு பேரும் குடித்தார்கள். கடற்கரைக்குப் போய்ட்டு வாறன் என்று அவள் சொன்னபோது பிள்ளையைக் கைநீட்டி வாங்கியவரும் அவர்தான். இதெல்லாம் அவர் விசாரணை அதிகாரிக்குச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று கேட்டவன். எனக்கு வந்தது படம். அவர் முன்னால் இருந்தது முகம். பார்த்த உடனே தெரியும், கண் இருக்கிற எவருக்கும் தெரியும் என்று இவ்வளவு மாதமும் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அதை அவர் யாரிடம் சொன்னார் என்பது கேட்கவில்லை.

"எல்லாரும் ஒரே மாதிரித்தான் மாமி" என்றேன். "சந்தோசம் எண்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"பொம்பிளையளும்?"

"ஓம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சித்தி கேட்டதைச் சொல்லிவிட்டுப் பார்த்த அதே பார்வை. அப்போது அதில் ஒன்றும் கிடைக்காததற்குத்தான் என்னில் அவருக்குக் கோபம். இப்போதும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் அப்படியே நின்றேன்.

"ஓம்" என்றார் கடைசியில். "சிரிச்சுக்கொண்டுதான் போனவள். படலையில நிண்டு பிள்ளைக்குக் கையும் காட்டினவள்."

"ஓம் மாமி."

"கால் கழுவ இறங்கியிருப்பாள்."

"ஓம்."

அவர் எஸ்தரைத் தூக்கி என் கையில் தந்தார். பேச்சுப் பேச்சுத்தான் என்பதுபோல் தந்தார். பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சொல்லிவிட்ட பிறகு அந்த முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பிள்ளையோடு முன்பக்கம் போனேன்.

எஸ்தரின் தலை ஈரமாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்து அவளை மடியில் நிமிர்த்தி வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வழக்கம்போல் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். இனி மின்விசிறிக்குத் திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. புருவம் நெருங்கியது. என் வாயைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். அவளுடைய கீழுதடு பிதுங்கி நடுங்கத் தொடங்கியது.